வரை, தவிர

எங்கள் குடும்பத்தில் கொம்பியூட்டர் பண்டிதர் நான்தான். பட்டம் ஊர் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பிரின்டரில் சிக்கிய கடதாசியைக் கிழியாமல் இழுத்தெடுத்தேன். அன்றிலிருந்து மட்டக்களப்பு நாவற்குடாவில் யார் வீட்டில் எது ஓடாவிட்டாலும் என் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை நின்றது அக்கா மகனின் சைக்கிள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன். கையில் போன், போனில் ஒரு விளம்பரம்.

"மாமா, இந்த கேமிங் லெப்டொப்பின்ட பலம் என்ன, பலவீனம் என்ன? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நேர்மையான கேள்வி. நேர்மையான கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்த நாட்டில் ஆபத்தான வேலை.

விளம்பரத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். சிவப்பும் நீலமுமாக மினுங்கும் கீபோட். பின்னால் தீ. தீக்குள் ஒரு பறவைநாகம். அதன் வாயிலிருந்து விழுவது போல எழுத்துகள். கிராபிக்ஸ் சக்தி 140 வொட் வரை. திரை 165 ஹேர்ட்ஸ் வரை. பற்றரி 8 மணித்தியாலம் வரை. மெமரி 64 ஜீபி வரை. விலைக்கழிவு 15 வீதம் வரை. தவணை 24 மாதம் வரை. ஆறு வரி, ஆறு 'வரை'. ஏழாவது வரியில் விலை: 399,900 ரூபா.

பழந்தமிழில் வரை என்றால் மலை. விளம்பரத் தமிழிலும் அதே பொருள்தான் போலிருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கலாம், ஏறிப் பார்த்தவன் யாருமில்லை.

முதல் வரியை எடுப்போம். இந்த லெப்டொப்புக்குள் இருப்பது என்விடியா நிறுவனம் லெப்டொப்புக்கென்று செய்த ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப். அதற்கு அந்த நிறுவனம் தானே எழுதிவைத்த அளவு 35 வொட் தொடக்கம் 115 வொட். சமயம் வாய்த்தால் பிராசஸரின் பங்கிலிருந்து கைமாற்றாக இன்னும் 25 வாங்கிக்கொள்ளும். அப்படித்தான் 140. இந்த நீண்ட வரிசையில் எந்தப் படியில் சிப்பை நிறுத்துவது என்பது லெப்டொப் செய்கிற கம்பனியின் விருப்பம். ஒல்லியான உடம்பும் சின்ன விசிறியும் என்றால் கீழ்ப்படி. தடித்த உடம்பும் பெரிய விசிறியும் என்றால் மேற்படி. இரண்டு படிக்கும் ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெயர் மட்டும் ஒன்று.

மட்டக்களப்பானுக்கு இதை விளங்கப்படுத்தத் தயிர்ச் சட்டி ஒன்று போதும். நல்ல எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதே அளவுச் சட்டியில் தண்ணீர் சேர்த்த பாலை உறைய வைத்து, வாயில் அதே கடதாசியைக் கட்டி, அதே விலைக்கு விற்கலாம். சட்டியைப் பார்த்தவனுக்குத் தெரியாது, கரண்டி போட்டவனுக்குத்தான் தெரியும். 4060க்கும் சட்டி ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று. ஒரு வித்தியாசம்: தயிர்க்காரர் கரண்டி போட்டுப் பார்க்க விடுவார். இங்கே காசைக் கட்டிய பிறகுதான் பெட்டியே திறக்கும்.

இது சின்னவர்கள் செய்யும் வேலை, பெரிய விலைக்குப் போனால் நேர்மை இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090க்கு 24 ஜீபி மெமரி, 450 வொட். லெப்டொப்பின் 4090க்கு 16 ஜீபி, 80 தொடக்கம் 150 வொட். உள்ளே இருக்கும் சிப்பே வேறு. மேசைக் கணினியில் அந்தச் சிப்புக்குப் பெயர் 4080. தம்பியின் அடையாள அட்டையில் அண்ணனின் பெயரை அடித்தால் பொலிஸ் பிடிக்கும். தம்பி சிப்பில் அண்ணனின் இலக்கத்தை அடித்தால் பங்கு விலை ஏறும்.

பிராசஸர் பக்கமும் இதே கூத்துத்தான். ஏஎம்டி 2022இல் ரைசன் 6800எச் என்று ஒன்றை விற்றது. 2023இல் ஏறக்குறைய அதே சாமான் ரைசன் 7735எச்எஸ் என்று புதுப் பெயரில் வந்தது. பழைய கள், புதிய மொந்தை. ஒரு தேர்தலில் ஒரு சின்னம், அடுத்த தேர்தலில் மறு சின்னம், ஆள் அதே ஆள், வேட்டியும் அதே வேட்டி என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு ஆறாயிரம் ஏழாயிரமாவது அதிர்ச்சியே இல்லை. அது கட்சி தாவியிருக்கிறது, அவ்வளவுதான்.

"அதெல்லாம் பழைய கதை மாமா" என்றான் மருமகன். "இப்ப வாற கிராபிக்ஸ் காட்டில ஏஐ இரிக்கு. ஒரு பிரேமுக்கு மூணு பிரேம் சும்மா தருது."

தருகிறது, உண்மை. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் நின்ற என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் 5070 காட் பழைய 4090இன் ஓட்டத்தைத் தரும் என்று சொன்னார். கைதட்டல் கூரையைப் பிரித்தது. சூட்சுமம் இதுதான்: திரையில் வரும் நாலு காட்சியில் ஒன்றைத்தான் காட் உண்மையில் கணக்குப் போட்டு வரைகிறது. மற்ற மூன்றும் 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்ற ஊகம். கண் ஏமாறும், கை ஏமாறாது. நீங்கள் பொத்தானை அமுக்கியதற்குப் பதில் சொல்வது அந்த ஒரு உண்மைக் காட்சிதான். ஊகக் காட்சிகள் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும்.

இதற்குப் போய் லாஸ் வேகாஸில் கைதட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மதகு கட்டுவார்கள். அதற்கு அடிக்கல் நாட்டிய படம் ஒன்று, திறந்துவைத்த படம் ஒன்று, ஆட்சி மாறியபின் புனரமைத்துத் திறந்த படம் ஒன்று. மூன்று படம், ஒரு மதகு. தொழில்நுட்பத்தை நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். காப்புரிமை எடுக்கத்தான் மறந்துபோனார்கள்.

இனிப் பற்றரி. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பற்றரிக்கு எல்லை 100 வொட்-மணி. அதனால் உலகத்தின் எந்தப் பெரிய கேமிங் லெப்டொப்பும் 100ஐத் தாண்டாது. மருமகன் காட்டியதில் இருந்தது 60. எட்டு மணித்தியாலம் என்ற கணக்கு, வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அளக்கும்போது வருவது. கேம் போட்டால் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் முழு வேகமில்லை, ஏனென்றால் அந்தப் பற்றரியால் பிராசஸரும் காட்டும் கேட்கிற அத்தனை வொட்டையும் ஒரே மூச்சில் இறைக்க ஏலாது. வேகம் வேண்டுமென்றால் 230 வொட் சார்ஜரை மாட்டவேண்டும். அந்தச் சார்ஜர் வீடு கட்டுகிற கல் அளவு. ஆக, இது மடிக்கணினி அல்ல, சுவர்க்கணினி. சுவரில் கரண்ட் இருக்கும்வரை வீரம்.

சுவரின் சரித்திரத்தையும் சேர்த்து மதிப்பிட்டால்தான் மதிப்பீடு முழுமை. 2022 மார்ச் 31ஆம் திகதி இந்த நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. டொலரை வைத்திருந்தவர்கள் எங்கே வைத்தார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு கட்டணத்தை ஏற்றினார்கள். 2022 ஓகஸ்டில் 75 வீதம், ஆறே மாதத்தில் 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பின்பு இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். வற் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்தது, 2024 ஜனவரியில் 18. பொறியியலாளர் யாரும் தொடாமல் இந்த நாட்டில் ஓவர்குளொக் ஆகி ஓடிய ஒரே சாமான் அந்த வரிதான். சூடாகியும் நிற்கவில்லை.

சரி, காசும் கட்டினோம், கரண்ட் நிலைத்ததா? 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டது. இலங்கை முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவொட், படுத்துக்கொண்டன. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றரை மணித்தியால வெட்டு. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூட, ஆகவே கட்டமைப்பு ஏற்கனவே இளகிக் கிடந்தது என்பது பிறகு வந்த விளக்கம். முதலில் வந்த விளக்கம் குரங்கு. வலுசக்தி அமைச்சரே சொன்னார். குரங்கு மறுக்கவில்லை. அதற்கு ஊடகப் பேச்சாளர் இல்லை.

லெப்டொப் விமர்சனம் எழுதுகிற வெளிநாட்டுக்காரருக்குக் குரங்கு தெரியாது. அவருடைய பலவீனப் பட்டியலில் வெப்கேம் மங்கல், ஸ்பீக்கர் மெலிவு. எங்கள் பட்டியலின் முதல் வரியில் ஒரு வானரம் உட்கார்ந்திருக்கிறது.

நாவற்குடாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் கல்முனை றோட்டும் நாங்களும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்பு. சைக்கிள் செயின் ஒரு மழைக்குச் சிவக்கும். ஜன்னல் கம்பிக்கு வருடம் ஒரு பூச்சு. தகரம் போட்டவர் தகரத்தின் ஆயுளைத் தன் பிள்ளையின் வகுப்பை வைத்துச் சொல்வார்: 'இவன் மூணாம் வகுப்பில போட்டது, எட்டாம் வகுப்பில ஓட்டை.' இந்தக் காற்றைத்தான் கேமிங் லெப்டொப்பின் இரண்டு விசிறிகளும் அடிவயிற்றால் உறிஞ்சி, 95 பாகை சூட்டில் கொதிக்கும் செப்புக் குழாய்மேல் ஊதப்போகின்றன.

போன வருடம் தெரிந்த பையனுடைய இரண்டு வயது லெப்டொப்பைத் திறந்தேன். அடித்தட்டின் பதினொரு ஆணியில் நாலு ஆணியின் தலை வழுக்கிவிட்டது, துரு. விசிறி இதழ்களுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. தூசி, கூந்தல், கட்டில் விரிப்பின் நூல், ஒரு பல்லி முட்டையின் ஓடு. விரலால் உரித்தபோது துணியாகக் கழன்று வந்தது. அதற்குக் கீழே செப்புக் குழாயின் வளைவில் பச்சை பூத்திருந்தது, கோயில் குத்துவிளக்கை மாதக்கணக்கில் விளக்காமல் விட்டால் பூக்குமே, அந்தப் பச்சை. சிப்பின் மேல் தடவியிருந்த வெப்பப் பசையும் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. துடைத்து, புதுப் பசை தடவி, மூடினேன். சூடு பதினெட்டுப் பாகை இறங்கியது. பையன் என்னைக் கடவுளாகப் பார்த்தான். ஒரு தும்புத்தடி செய்யவேண்டிய வேலை அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்பார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் பிடியைக் காதில் வைத்து, தண்ணீருக்குள் இருந்து வரும் அந்த ரீங்காரத்தைக் கேட்டவர்கள் உண்டு. இந்த லெப்டொப் வாங்கியவருக்குத் தோணியும் வேண்டாம், பௌர்ணமியும் வேண்டாம். கேமைத் தொட்டால் போதும், வீடே பாடும். அம்மா அடுத்த அறையில் நாடகம் பார்க்கச் சத்தத்தைக் கூட்டுவார். அதற்குமேல் விசிறி கூட்டும். மீன் பாடிய ஊரில் இப்போது இதுதான் கச்சேரி.

பலமே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் விளம்பரக்காரனும் ஒன்று.

ஆரையம்பதிப் பக்கம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒரு பிள்ளை இருக்கிறது. முன்பு ஒரு கல்யாணத்தை எடுத்து முடிக்க அதன் மெசின் இராத்திரி முழுக்க அரைக்கும். இப்போது தடித்த உடம்புக் கேமிங் லெப்டொப் ஒன்றில் சோறு தின்றுவிட்டு வருமுன் முடிந்துவிடுகிறது, 40 வரிசைக் காட்டுக்குள் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனி உறுப்பு இருப்பதால். வீட்டுப் படம் கீறுகிறவர், முப்பரிமாணம் படிக்கிறவர், ஏஐ மாதிரிகளை வீட்டில் ஓட்டிப் பார்க்கிறவர் எல்லாருக்கும் இந்த மெசின் சம்பாதித்துக் கொடுக்கும். மெமரி மாற்றலாம், இரண்டாவது எஸ்எஸ்டி போடலாம், ஐந்து வருடம் இழுக்கலாம். குடும்பத்தில் ஒரு நல்ல பிள்ளை மாதிரி: சத்தம் போடும், நிறையச் சாப்பிடும், வேலை என்று கொடுத்தால் முடித்துத் தரும். குறை சிப்பில் இல்லை. அதன் பெயரில் வைக்கிற பொய்யில் இருக்கிறது.

அந்தப் பொய்யை யாருடைய காசில் வாங்குகிறோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 'நாடு' ரக நெல்லுக்கு அரசாங்கம் 2025 பெப்ரவரியில் அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. 399,900ஐ வகுத்துப் பாருங்கள்: மூவாயிரத்து முந்நூற்று முப்பது கிலோவுக்கு மேல். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் யானைக்குக் காவலிருந்து, வெள்ளத்துக்குப் பயந்து, பசளைக்குக் கடன் சொல்லி விளைத்த மூன்று தொன் நெல். எங்கள் வீட்டில் வயல் இல்லை, காப்பு இருக்கிறது. அக்கா இரண்டு காப்பையும் கழற்றி அடகுக்கென்று கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டார். சுவிஸில் இருக்கும் சித்தப்பா பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். சரியாகச் சொன்னால், பாதி வரை.

உடனே எழும்பி 'கேம் விளையாடக் காப்பை அடகு வைப்பதா' என்று பிள்ளைக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். 2020, 2021இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டி, படிப்பு இனி இணையத்தில் என்று அறிவித்தீர்கள். இந்த நாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறியிருந்து படித்தார்கள். இவன் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் கண்ணாடி வெடித்தது. கணக்குப் பாடம் இவனுக்கு, மற்ற இரண்டு பேருக்கும் மிச்சப் பற்றரி. அன்று வெறும் கையோடு தொட்டிமேல் ஏற்றிவிட்டவர்களுக்கு இன்று அவன் கேட்கிற மெசின் ஆடம்பரமாகத் தெரிகிறதா? பசியோடு வளர்த்த பிள்ளை பந்தியில் கூடக் கேட்டால் அது பேராசை இல்லை. பந்தி வைக்காதவன் அதைப் பேராசை என்று சொல்லவும் கூடாது.

இதுவரை பார்த்ததெல்லாம் 'வரை'. தாளைத் திருப்பினால்தான் மற்றச் சொல் இருக்கிறது.

மருமகனுடைய கூட்டாளி போன மாதம் இதே லெப்டொப்பை வாங்கியிருக்கிறான். அவனுடைய பில்லை மருமகன் படம்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். முன்பக்கத்தில் 'ஒரு வருட வொரண்டி' பெரிய எழுத்தில். அடியில், எறும்பு ஊர்ந்தது போல, ஒரு வருடம் என்பது 350 நாள் என்று ஒரு வரி. இந்தத் தீவில் கொம்பியூட்டர் பில் பார்த்த யாருக்கும் இந்த வரி புதிதல்ல. சூரியனைப் பூமி சுற்ற 365 நாள் என்று சாதாரண தரத்தில் எழுதாவிட்டால் புள்ளி போகும். கடையில் எழுதினால் காசு போகும். மிச்சப் பதினைந்து நாள் எங்கே என்று கேட்காதீர்கள். டொலர் போன இடத்தில் இருக்கும்.

அடுத்த வரிகளை ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாக அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மின்னல் தாக்கினால் வொரண்டி இல்லை. கரண்ட் கூடிக் குறைந்தால் இல்லை. இயற்கை அனர்த்தம் என்றால் இல்லை. எரிந்த அடையாளம் தெரிந்தால் இல்லை. துருப் பிடித்தால் இல்லை.

அக்கா கேட்டார்: "அப்ப எதுக்குத்தான் இரிக்கு?"

யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி விழாத நாள் எண்ணக்கூடிய ஊர். 1978இல் சூறாவளி, 2004இல் சுனாமி, மாரிக்கு மாரி வெள்ளம். கரண்ட் விளக்கை மங்க வைத்து மினுங்க வைக்கும் ஊர். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். இந்த ஊருக்கு ஒரு வொரண்டி எழுதி, அதில் மின்னல் தவிர, கரண்ட் தவிர, அனர்த்தம் தவிர, துரு தவிர என்றால், நாவற்குடாவில் நாவற்குடா தவிர என்றுதானே பொருள்? காற்றில்லாத அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கரண்ட் மாட்டாமல் வைத்திருந்தால் 350 நாளும் முழுப் பாதுகாப்பு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. 1977 என்று முறைப்பாட்டு இலக்கமும் உண்டு. பருப்புக்கு விலை எழுதாத பெட்டிக்கடைக்காரரை அந்தச் சட்டம் தேடிப் போகும். காட்டுக்கு வொட் எழுதாத பெட்டியைத் திறந்து பார்க்க அதற்கு ஒரு மருமகன் இல்லையோ என்னவோ.

கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை. மேலே இறக்குமதிக்காரன் அவருக்கு அடித்துக் கொடுத்த அதே தாளை அவர் கீழே எங்களுக்கு அடித்துக் கொடுக்கிறார். இந்த எழுத்துமுறையைக் கண்டுபிடித்தவர்கள் கடைக்காரர்களும் இல்லை. அதற்கு மூலப் பிரதி ஒன்று இருக்கிறது.

1987இல் அரசியலமைப்புக்குப் பதின்மூன்றாவது திருத்தம் வந்தது. தமிழும் அரச கரும மொழி, மாகாணங்களுக்குச் சபை, சபைகளுக்கு அதிகாரம். அருமையான விளம்பரம், பறவைநாகம் மட்டும்தான் இல்லை. அதன் வொரண்டியை இத்தனை வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதிகாரம் உண்டு, பொலிஸ் தவிர. அதிகாரம் உண்டு, காணி தவிர. 2023 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தமிழ்க் கட்சிகளைக் கூப்பிட்டுச் சொன்னதும் அதுதான்: பதின்மூன்றை நடைமுறைப்படுத்துவோம், பொலிஸ் அதிகாரம் தவிர. இரண்டு மாதம் கழித்து, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைக் கேட்டு இதே மட்டக்களப்பின் பண்ணையாளர்கள் தெருவில் குந்தினார்கள். மாட்டுக்குப் புல் எந்த அதிகாரத்தின் கீழ் வருகிறது என்று தாளைத் திருப்பினால், அங்கேயும் ஒரு தவிர. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. சபையே இல்லாமல் வருடங்கள் ஓடுகின்றன. தேர்தல் எப்போது என்றால், விரைவில். எவ்வளவு விரைவில்? அதற்கும் ஒரு வரை வைத்திருப்பார்கள்.

முன்பக்கம் வரை, பின்பக்கம் தவிர. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் இந்த நாட்டின் எந்தத் தாளையும் வாசித்துவிடலாம்: தேர்தல் விஞ்ஞாபனம், வங்கிக் கடன், நிவாரண விண்ணப்பம், லெப்டொப் பில். கொடுக்கிறவன் வரைக்குப் பின்னால் ஒளிவான். கேட்கப் போனால் தவிரக்குப் பின்னால் ஒளிவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய் கைக்குட்டை முடிச்சோடு நின்றுகொண்டிருப்பாள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை மருமகன் ஒன்றும் பேசவில்லை. "மறுகா என்ன செய்யிற மாமா?" என்று மட்டும் கேட்டான். வாங்குவதென்றால் செய்யவேண்டியதைச் சொன்னேன். மொடல் இலக்கத்தை முழுதாக எடு. அந்த இலக்கத்துக்குக் கம்பனி இணையத்தில் வொட் எழுதியிருக்கும், 2021இல் வாங்கியவர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு எழுதச் சொல்லி என்விடியாவே கேட்டுக்கொண்டது. நூறுக்குக் கீழே என்றால் விடு. மெமரி ஒற்றைக் குச்சியா இரட்டையா பார். திரை எத்தனை ஹேர்ட்ஸ் என்பதற்கு முன் நிறத்தை எவ்வளவு காட்டும் என்று கேள். எர்த் உள்ள பிளக்கில் மாட்டு. கட்டிலில் வைக்காதே. ஆறு மாதத்துக்கு ஒருக்கா என்னிடம் கொண்டுவா.

திங்கட்கிழமை இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து ரவுனுக்குப் போனோம். கடையில் குளிரூட்டி, கண்ணாடி, மினுங்கும் கீபோட். மருமகன் விளம்பரத்தைக் காட்டிக் கேட்டான்.

"அண்ணன், இந்தக் காட் எத்தின வொட்?"

"நூத்தி நாப்பது வரை தம்பி."

"கூட எவ்வளவு எண்டு விளங்குது. குறைய எவ்வளவு?"

"அது கம்பனிக்குத்தான் தெரியும்."

"துருப் பிடிச்சா?"

"துரு தவிர மற்றதெல்லாம் பாத்துத் தருவம்."

மருமகன் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்க்காமல், மேசைக் கண்ணாடிமேல் வைத்தான்.

"சரி அண்ணன். நானும் மூணு லெட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொளாயிரம் வரை தாறன்."

"வரை எண்டா?"

"முப்பத்தஞ்சாயிரத்தில இருந்து தொடங்கும். மழை நேரம் தவிர, அம்மாக்குச் சுகமில்லாட்டித் தவிர, சித்தப்பா அனுப்பப் பிந்தினா அதுவும் தவிர. மற்ற எல்லா நாளும் ஒழுங்காக் கட்டுவன். ஒரு வருசத்துக்கு. வருசம் எண்டா முந்நூத்தி அம்பது நாள்."

கடைக்காரர் சிரித்தார். பையன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். கல்குலேட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, விலை அட்டையை விரலால் தட்டிச் சொன்னார்:

"தம்பி, விலை எண்டா விலைதான். அதில வரையும் இல்ல, தவிரவும் இல்ல."